மாடத்தியின் தூக்கம்

மாடத்தியின் தூக்கத்துக்குப் பிரவீனா சொன்ன விலை ஒன்பதாயிரம் ரூபாய். ஒரகடம் பக்கம் மூன்று ஷிப்ட் ஓடுகிற எந்தக் கம்பெனி வாசலில் வேண்டுமானாலும் நின்று கேட்டுப் பாருங்கள், தூக்கத்துக்கு விலை சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். கையில் சரக்கு இருந்தால்தானே விற்பதற்கு? பிரவீனா சொன்னாள். அதுவும், விற்கக் கூடாது என்பதற்காகவே சொன்னாள்.

இது புரிய வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூரில் அவள் அப்பா தாண்டவராயனின் பாத்திரக் கடையை ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும். அங்கே கண்ணாடி அலமாரிக்கு மேல் ஒரு பித்தளை அண்டா உட்கார்ந்திருக்கும். வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர் அதன் விலையைக் கேட்பார். அது விற்பனைக்கு இல்லை என்று தாண்டவராயன் ஒருநாளும் சொன்னதில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது, வந்தவர் முகத்தில் ஷட்டரை இறக்குவது மாதிரி. "எண்பதாயிரம் ஆவும்மா" என்பார். கேட்டவர் சிரிப்பார், இவரும் சிரிப்பார், அந்தச் சிரிப்பிலேயே ஒரு எவர்சில்வர் குடம் விற்றுவிடும். பிரவீனா பிறந்ததிலிருந்து அண்டா அதே இடத்தில்தான் இருக்கிறது. யார் மனமும் புண்பட்டதில்லை. 'தரமாட்டேன்' என்பதை அந்த வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள்.

பிரவீனா பிள்ளைப்பாக்கம் சாலையிலுள்ள கலைக் கல்லூரியில் பி.காம். கடைசி வருடம். சனிக்கிழமை மதியம் அங்கே ஓவிய வகுப்பு நடக்கும். கல்லூரிப் பிள்ளைகள் பாதி, பணம் கட்டி வெளியிலிருந்து வரும் கம்பெனிப் பெண்கள் பாதி. பிரவீனாவுக்கு வரைய வராது. அவள் வரைந்த பூசணிக்காயைப் பார்த்து ஓவிய ஆசிரியை காந்திமதி மேடம், "ஹெல்மெட் நல்லா வந்திருக்கு" என்று பாராட்டியிருக்கிறார். ஆனால் வருடக் கடைசியில் கண்காட்சி என்று அறிவித்த அன்று வகுப்புக்கு அவள் அருமை தெரிந்தது. பாட்மின்டன் கூடத்துச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று கல்லூரி சொல்லிவிட, கடையிலிருந்து தட்டு அடுக்கும் கம்பி ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினாள். படங்கள் வளையாமலிருக்கப் பின்னால் ஒட்டுவதற்குக் குக்கர் அட்டைப்பெட்டிகளை வெட்டிக் கொடுத்தாள். பணம் வாங்கக் கடையின் கியூஆர் அட்டையும், பணம் விழுந்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கும் அந்தச் சின்னப் பெட்டியும் வந்து சேர்ந்தன. விற்பனை மேசை அவளுடையது என்பதை யாரும் தீர்மானிக்கவில்லை, அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கண்காட்சியின் நல்ல படம் முத்துச்செல்வியுடையது. அவள் தென்காசிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் விடுதி அறை, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பகல் ஷிப்ட். அவளும் மாடத்தியும் ஒரே கட்டிலுக்கு ஆளுக்குப் பாதி வாடகை கொடுத்தார்கள். மாடத்திக்கு இரவு ஷிப்ட் என்பதால் பகலில் அவள் படுப்பாள், இரவில் இவள். அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. தூங்குகிறவளைத் தொட்டு எழுப்பக் கூடாது. வேலைக்கு நேரமாகிவிட்டால் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். தூங்குகிறவள் வியர்த்து எழுந்து, "கரண்ட் போயிட்டா?" என்று கேட்பாள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். அந்த அறையில் யார் தூக்கத்தையும் யாரும் கெடுத்ததில்லை. எல்லாப் பழியும் மின்சார வாரியத்துக்கு.

சனிக்கிழமை முத்துச்செல்விக்கு விடுமுறை. காலையில் அவள் தரையில் உட்கார்ந்து, கட்டிலில் தூங்கும் மாடத்தியைக் கரித்துண்டால் வரைந்தாள். அரை அங்குலம் திறந்த வாய், கட்டில் விளிம்பைத் தாண்டி நீட்டிய ஒரு கால், ஆணியில் தொங்கும் இரண்டு அடையாள அட்டைகள். போர்வைக்கு மட்டும் நீலப் பென்சில். கரி உதிராமலிருக்க மேலே தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே. எட்டு சனிக்கிழமைகளில் படம் முடிந்தது. மாடத்தி அதைப் பார்க்கவே இல்லை. படம் வளர்ந்த நேரமெல்லாம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாளே.

படம் மாடத்தி கேட்டதுதான். "எங்கம்ம தெனம் போன்ல, 'தூங்குதியாட்டி, கண்ணு குழி விழுந்திருக்கே'ன்னு அழுவா. போட்டோ அனுப்புனா, நடிக்கேன்னு சொல்லுதா. நீ வரைஞ்சு குடு. எட்டு வாரம் எவளாவது நடிப்பாளா?" என்றாள். இப்போது ஒப்பந்தம் முடிந்து, அவள் ஊருக்கே திரும்பிப் போகிறாள். கண்காட்சி நடக்கும் அதே சனிக்கிழமை மாலை ஆறரைக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் தென்காசி பஸ். போகும் வழியில் கல்லூரியில் இறங்கிப் படத்தை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

காலையிலேயே முத்துச்செல்வி படத்தின் கீழ் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி ஒட்டியிருந்தாள். பிரவீனா அதைக் கிழித்தாள்.

"ஏட்டி, அத எதுக்குக் கிழிக்க?"

"அக்கா, முதல் ஸ்டாண்டுலயே இப்டி எழுதி வெச்சா, வர்றவங்க திரும்பிப் பாக்காம பூடுவாங்க. நம்ம மத்த பசங்க படம்லாம் எப்டி விக்கும்?"

"யாராவது வெல கேட்டா?"

"அத என்கிட்ட விடு. ஓடிப் போற மாதிரி ஒரு வெல சொல்றேன்."

முத்துச்செல்வி நம்பினாள். அண்டாவின் கதையை அவளும் கேட்டிருந்தாள்.

நாலு மணிக்கு பார்க் வந்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கொரிய மேலாளர். சாலை நெடுக எல்லாக் கம்பெனிகளுக்கும் அழைப்பிதழ் போயிருந்தது. அதைப் பிரித்துப் படித்த ஒரே ஆள் அவர்தான். முதல் ஸ்டாண்டில் நின்றவர் இரண்டாவது ஸ்டாண்டுக்கு நகரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மேசைக்கு வந்து ஆங்கிலத்தில் விலை கேட்டார்.

மற்ற படங்களெல்லாம் ஐந்நூறு, எண்ணூறு. பிரவீனா இனிமையாகச் சிரித்து, "ஒன்பதாயிரம்" என்றாள். அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "ஓகே" என்றார்.

ஓகே என்ற பிறகு என்ன செய்வது என்று தாண்டவராயன் மகளுக்குச் சொல்லித் தந்ததில்லை. அவருக்கே அது நடந்ததில்லை. பிரவீனா அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் பார்க் கைப்பேசியைக் கியூஆர் அட்டைக்கு நேரே பிடித்துவிட்டார். பெட்டி பாட்மின்டன் கூடம் அதிரச் சொன்னது: "ரூபாய் ஒன்பதாயிரம் பெறப்பட்டது!"

எல்லோரும் கைதட்டினார்கள். காந்திமதி மேடம் கண்ணைத் துடைத்தார். டீ வாங்கப் போயிருந்த முத்துச்செல்வி மட்டும் வாசலில் டம்ளரோடு நின்றாள்.

"எதட்டி வித்த?"

பிரவீனா பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. அப்பா. கடைக் கணக்கில்தானே பணம் விழுந்திருக்கிறது! "ஒன்பதாயிரத்துக்கு காலேஜ்ல இன்னாத்தடி வித்த? ஸ்டாண்டையா?"

"அப்புறம் பேசுறேம்ப்பா."

பார்க் அதற்குள் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் டிரைவர் கன்னியப்பன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்தவர். பிரவீனா அவரிடம் ஓடினாள்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்து போச்சு. அந்தப் படம் விக்கறதுக்கு இல்ல. அது இந்த அக்காவோட ஃபிரெண்டுக்கு. அவங்க இன்னிக்கே ஊருக்குப் போறாங்க. சார்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கண்ணே."

கன்னியப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, அட்வான்ஸ் வாங்கிகினு அப்பால வந்து, தங்கச்சி கையெழுத்து போட மாட்டேன்துன்னு சொல்ற கேசா? நாங்க நிலம் வாங்கி வித்தவங்கம்மா. இந்தப் பாட்டுலாம் எனக்கு மனப்பாடம். இன்னும் எவ்ளோ வேணும், நேரா கேளு."

"அய்யோ, காசு வேணாம்ணே! திருப்பிக் குடுத்துடறோம்."

"காசு வேணாமா? அப்ப இதுல வேற இன்னாமோ கீது." அவர் படத்துக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "எங்க சார் ஏமாளிதான். ஆனா கூட நான் கீறன்ல?"

கன்னியப்பனைச் சுற்றிக்கொண்டு பிரவீனா நேராக பார்க்கிடமே போனாள். தேர்வில் அறுபத்திரண்டு வாங்கித் தந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள், அண்டா உட்பட. பார்க் பொறுமையாகக் கேட்டார். இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடமாயிற்று, ஒருநாளும் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் தூங்கியதில்லை என்றார். லைனில் நானூறு பேர், எல்லோருக்கும் தூக்கம் வருவது முகத்தில் தெரிகிறது, ஆனால் தூங்குகிற ஒரு மனிதரை இத்தனை நாளில் இன்றுதான் பார்க்கிறேன் என்றார். பார்க்கப் பார்க்கத் தனக்கே கண் சொக்குகிறதாம். அவர்களுக்குச் சேர வேண்டிய படம் என்றால் கொடுத்துவிடுகிறேன், ஆனால் எனக்கும் இதே மாதிரி ஒரு தூக்கம் வேண்டும் என்று சொல்லிப் படத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிரவீனாவுக்கு உயிர் வந்தது. அவர்கள் கடையில் சாமான் வாங்கிப் போனவர் கொண்டுவந்தால் பணம் திரும்பாது, மாற்றிக் கொடுக்கலாம். பழைய குடத்துக்குப் புதுக் குடம். அது அவளுக்குப் பழகிய பாதை.

"அக்கா, இன்னொண்ணு வரைஞ்சு குடுத்துடு."

"எட்டு வாரம் வரைஞ்சது, எட்டு நிமிசத்துலயா? அதுவும் யார வரைய? மாடத்தி தூங்குதத மட்டுந்தான் நான் பாத்திருக்கேன்."

பிரவீனா பார்க்கின் கண்களைப் பார்த்தாள். கீழிமை இரண்டும் தொங்கிச் சிவந்திருந்தன.

"அவரையே வரை" என்றாள்.

கூடத்தின் மூலையில் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டார்கள். உயரமான மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்கள். மாற்றுப் படம் கைக்கு வரும்வரை இது என்னிடமே இருக்கட்டும் என்று மாடத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு பார்க் உட்கார்ந்தார். அதில் ஒரு நியாயம் இருந்ததால் பிரவீனா மறுக்கவில்லை. அடகு என்றால் அவளுக்குத் தெரியும். அவர் கண்களை இறுக மூடினார்.

முத்துச்செல்வி நாலு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இவரு தூங்கல, பரீட்ச எழுதுதாரு."

"இரும்மா, இதுக்கே இப்டின்னா எப்டி. கார்ல காத்து நேரா மூஞ்சில பட்டா அஞ்சு நிமிசம் அசருவாரு" என்ற கன்னியப்பன், நம்பிக்கை இல்லாவிட்டாலும், மின்விசிறியை ஒரு முழம் கிட்டே தள்ளினார்.

கொஞ்ச நேரத்தில் பார்க்கின் தாடை இறங்கியது. தோள் ஒன்று சரிந்தது. பிறகு வாய், அரை அங்குலம். முத்துச்செல்வி வரைந்ததைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாளை எடுத்தாள். இப்போதுதான் சரக்கு வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அந்தக் கண்காட்சி இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத விதமாக நடந்தது. வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பிரவீனா பெட்டியின் வாயை அடைத்துவிட்டு ரொக்கம் மட்டும் வாங்கினாள். பேரமும் கிசுகிசுப்பில்தான். கிசுகிசுப்பில் யாராலும் ரொம்ப நேரம் பேரம் பேச முடியாது என்பதால் எண்ணூறு ரூபாய் படங்கள் எண்ணூறுக்கே போயின. கல்லூரி முதல்வர் மைக் இல்லாமல் வாழ்த்துரை வழங்கினார். அது மூன்றே நிமிடத்தில் முடிந்தது. இதற்காகவாவது அந்தக் கொரியாக்காரரை வருடா வருடம் கூப்பிட வேண்டும் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

ஐந்தே முக்காலுக்கு மாடத்தி வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய பாய்.

"எங்கட்டி என் படம்?"

முத்துச்செல்வி கரி படிந்த விரலால் நாற்காலியைக் காட்டினாள். பார்க்கின் இரண்டு கைகளுக்கு நடுவே மாடத்திக்குத் தெரிந்தது படத்தின் முதுகு மட்டும். அதில் பிரஷர் குக்கர் படமும், '5 லிட்டர்' என்ற எழுத்தும் இருந்தன.

"இதுவா நான்?"

பிரவீனா நடந்ததைச் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மாடத்தி கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒம்பதாயிரமா? எனக்கா? எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேல பாத்தாலும் ஒரு நாளைக்கு ஐந்நூறு தேறல" என்றாள். கோபமா சிரிப்பா என்று பிரவீனாவுக்குப் பிடிபடவில்லை.

முத்துச்செல்வியின் கை ஓடிக்கொண்டிருந்தது. முகம் வந்துவிட்டது, சட்டை மடிப்பு வந்துவிட்டது, அணைத்திருந்த விரல்கள்தான் பாக்கி. ஆறு மணி தாண்டியது. கூட்டுரோட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போக இனி நேரமில்லை. ஒருவழியாக அவள் கரித்துண்டைக் கீழே வைத்தபோது கன்னியப்பன் கிட்டே வந்து எட்டிப்பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்டியே உரிச்சு வெச்சுக்கீறம்மா" என்றார். சந்தேகமெல்லாம் அந்தத் தாளில் கரைந்துவிட்டது. "சரி, பஸ்சு ஆறரைக்குத்தான? நான் சார எழுப்பிட்டு, கார்ல கொண்டாந்து உடறேன் வா."

அவர் தோளைத் தொடப் போனார். மாடத்தி குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, தூங்குத ஆளத் தொட்டு எழுப்பப்பிடாது."

"இன்னாம்மா இது? உன் பஸ்சு பூடும்மா!"

"எத்தன நாளா தூங்காத மனுசரோ. பாவம், எப்படிக் கெடக்காரு பாருங்க."

முத்துச்செல்விக்கு அழுகை வந்தது. "ஏட்டி, திங்கக்கெழம வரைக்கும் எந்தப் பஸ்லயும் சீட்டு கெடையாது. ஒன் பாதிக் கட்டில வார்டன் இன்னொருத்திக்குப் பேசியாச்சு. படம் இல்லாமப் போறியா, இல்ல போகாமலே நிக்கப் போறியா?"

"படம் இல்லாம அம்மட்ட போயி என்னத்தச் சொல்ல?" மாடத்தி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு மின்விசிறியைப் பார்த்தாள். இரண்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்களுக்கு அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை. முத்துச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். மாடத்தி பாயைக் கீழே வைத்தாள், சுவரோரம் போனாள், பிளக்கைப் பிடுங்கினாள்.

ஏப்ரல் மாதம், தகரக் கூரை. இரண்டு நிமிடத்தில் பார்க்கின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மூக்கைச் சுளித்தார், தலையை ஆட்டினார், கண்ணைத் திறந்தார். இந்த ஊரில் அவர் பிசகில்லாமல் கற்றிருந்த ஒரே தமிழைச் சொன்னார்.

"கரண்ட் போச்சா?"

"ஆமா சார்" என்றது கூடம் முழுவதும்.

மேலே பன்னிரண்டு விளக்குகளும் பளீரென்று எரிந்துகொண்டிருந்தன. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க் பார்த்தார். விளக்குகளைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், கையில் பிளக்கோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். அவளை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையாலும் படத்தை அவளிடம் நீட்டினார்.

மாடத்தி அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி! வாய் இப்படியா தொறந்து கெடக்கும்? நீ ஒருநாள் கூடச் சொல்லலியே!" என்று முத்துச்செல்வியின் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு மறுபடி பார்த்தாள். போர்வை, கால், ஆணியில் இரண்டு அட்டைகள். "நல்லாத்தான் தூங்கியிருக்கேன்" என்றாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. "எங்கம்ம நம்பிருவா."

பார்க் தன் படத்தைப் பார்த்தார். தூக்கத்தையே அணைத்துக்கொண்டு தூங்கும் மனிதர். விரல்களுக்கு நடுவில் குக்கரும் ஐந்து லிட்டரும் கூட வந்திருந்தன. அதில் விரலை வைத்துச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

பார்க் உட்பட எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கன்னியப்பன் ஓட்டிய ஓட்டத்தில் கார் ஆறு இருபத்தேழுக்குக் கூட்டுரோட்டில் நின்றது. தென்காசி பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றது. மாடத்தி படிக்கட்டில் நின்றபடி முத்துச்செல்வியிடம், "வர்ற புள்ளைட்ட சொல்லிரு, சுவத்துப் பக்கம் தல வைக்காத, மழ பெஞ்சா ஒழுவும்" என்றாள். பஸ் போய்விட்டது. மடியில் படத்தை வைத்துக்கொண்டு அவள் ஊர் போய்ச் சேரும்வரை தூங்க மாட்டாள் என்று முத்துச்செல்வி சொன்னாள்.

திரும்பும்போது காருக்குள் பிரவீனா கணக்கை எடுத்தாள். ஒன்பதாயிரம் என்பது விற்காமலிருக்கச் சொன்ன விலை, விற்கிற விலை நாலாயிரம்தான், மீதியைத் திருப்பித் தருகிறேன் என்றாள். விலை என்றால் விலை, ஒன்பதாயிரம் என்றார் பார்க். நாலாயிரத்து ஐந்நூறு என்றாள் இவள். எட்டாயிரம் என்றார் அவர். விற்பவள் குறைத்துக் கேட்க, வாங்கியவர் கூட்டிச் சொல்ல, கன்னியப்பன் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"இன்னா உலகம்டா சாமி! எங்க நிலத்த விக்கறப்ப இப்டி ஒருத்தன் வரலியே! அஞ்சாயிரத்து ஐந்நூறு. ரெண்டு பேரும் வாய மூடுங்க."

அன்று இரவே கடைக் கல்லாவில், தாண்டவராயன் மேற்பார்வையில், கணக்கு முடிந்தது.

வரவு ஒன்பதாயிரம். பார்க் அவர்களுக்குத் திருப்பியது மூவாயிரத்து ஐந்நூறு. ஓவிய வகுப்புக்குத் தாள், கரி வாங்கப் பத்தில் ஒரு பங்கு, ஐந்நூற்று ஐம்பது. முத்துச்செல்வி கையில் கொடுத்தது நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. கன்னியப்பன் பெட்ரோல் காசு வாங்க மறுத்ததால், ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர், கடைச் செலவில். பித்தளை அண்டா கண்ணாடி அலமாரி மேலேயிருந்து இறக்கிப் பரணில் ஏற்றப்பட்டது, விலை இனிச் சொல்வதாக இல்லை.

பாக்கி: நடுவில் பிளக்கைப் பிடுங்கியதால் பார்க் அவர்களுக்கு இன்னும் தரவேண்டியிருக்கிற தூக்கம். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.